அறிவியல் பாடம்: ஆதித்யா எனும் சிறு சூரியன்

கேமரன் மலையில், திரிங்காப்பின் காய்கறித் தோட்டங்களிலும் தேயிலைச் சரிவுகளிலும், காலை மூட்டம் விலகக் கதிரவன் எப்பொழுது தோன்றுவான் என்று எதிர்நோக்குவோர் பலர். கீழே ரப்பர்த் தோட்டங்களிலோ, வெயில் ஏறுமுன் மரம் வெட்டி முடிக்க வேண்டுமென்று விரைவோர் பலர். ஒருவர் வெயிலை நாடுகின்றார்; மற்றவர் வெயிலை முந்துகின்றார். ஆயினும் இருவர் பிழைப்பும் கதிரவனையே சார்ந்துள்ளது.

ரப்பர் மரம் கதிரவன் ஒளியை உண்டே பாலைச் சுரக்கின்றது. தேயிலைத் தளிரும், சோற்றுக்கு அரிசியும், அடுப்புக்கு விறகும் அவ்வொளியின் விளைவே. நிலக்கரியும் எண்ணெயும் பண்டைக் காலத்து உயிர்கள் சேர்த்து வைத்த கதிரவன் ஆற்றலேயாகும். கேமரன் மலையின் பெர்த்தாம், தெலோம் ஆறுகளின் நீரைக் கொண்டு 1963ஆம் ஆண்டு முதல் மின்சாரம் எடுக்கப்பட்டு வருகின்றது. அந்நீரையும் கடலிலிருந்து மேகமாக மலைக்கு ஏற்றியவன் கதிரவனே.

ஆனால், இவ்வழிகள் யாவற்றிற்கும் ஓர் எல்லை உண்டு. நிலக்கரியும் எண்ணெயும் எரியக் குறைவன. எரியும்போது காற்றையும் கெடுப்பன. ரிங்லெட் நீர்த்தேக்கத்தில், மலைச்சரிவுகளிலிருந்து அரித்து வரும் மண் படிந்து, நீர் தேங்கும் இடத்தைக் குறைத்துவிட்டது. ஆகவேதான் அறிவியலார், கதிரவன் தந்ததைச் செலவிடுவதோடு நில்லாமல், கதிரவன் செய்யும் தொழிலையே பூமியில் செய்ய இயலுமா என்று ஆராய்ந்து வருகின்றனர். அம்முயற்சியைப் பற்றியதே இம்மாதப் பாடம்.

கதிரவன் எரிவது எங்ஙனம்?

விறகு எரிவதுபோல் கதிரவன் எரிவதில்லை. அதன் நடுவில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி பாகை செல்சியஸ். அவ்வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் ஒன்றோடொன்று மோதி இணைந்து, படிப்படியாக ஹீலியம் என்னும் வேறொரு பொருளாகின்றன. இணைந்த பின் கிடைக்கும் பொருளின் நிறை, இணையுமுன் இருந்த நிறையைவிடச் சற்றுக் குறைவாக உள்ளது. குறைந்த அந்நிறையே ஒளியாகவும் வெப்பமாகவும் வெளிப்படுகின்றது. இதற்கு அணுக்கரு இணைவு என்று பெயர்.

அணு என்றவுடன் சிலருக்கு அச்சம் தோன்றுவது இயல்பு. இன்று உலகில் மின்சாரம் தரும் அணு உலைகள் யாவும் யுரேனியம் போன்ற கனமான அணுவின் கருவைப் பிளப்பவை. நம் நாட்டில் பாங்கியில் 1982ஆம் ஆண்டு முதல் ஆராய்ச்சிக்காக இயங்கிவரும் சிற்றுலையும் பிளவு வகையைச் சேர்ந்ததே. இங்கு நாம் காணப்போவது பிளவன்று, இணைவு. இரண்டும் வெவ்வேறு வழிகள்.

பொருளின் நான்காம் நிலை

பனிக்கட்டி, நீர், நீராவி என மூன்று நிலைகளைப் பள்ளிப் பிள்ளைகள் அறிவர். ஆவியை மேன்மேலும் சூடாக்கினால், அணுக்களைச் சுற்றியுள்ள எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கலவை உண்டாகும். அதுவே பிளாஸ்மா எனப்படும் நான்காம் நிலை. மின்னல் பிளாஸ்மாவே. நம் வீட்டுக் குழல் விளக்கில் ஒளிரும் வாயுவும் பிளாஸ்மாவே. கதிரவன் முழுவதும் பிளாஸ்மாவாலானது.

கதிரவனின் பேரெடையே அதன் பிளாஸ்மாவை நடுவில் இறுக்கிப் பிடித்துள்ளது. பூமியில் நமக்கு அவ்வெடை இல்லை. ஆகவே இங்கு 10 கோடி பாகைக்கும் மேற்பட்ட வெப்பம் தேவைப்படுகின்றது. அதைத் தாங்கும் சட்டியோ கொப்பரையோ உலகில் இல்லை. சுவரைத் தொட்டால் பிளாஸ்மா குளிர்ந்துவிடும், சுவரும் கேடுறும். அவ்வாறாயின் அதை எதில் வைப்பது?

காந்தத்தால் ஒரு கூடு

இதற்கு விடையை ரப்பர் மரத்தினிடமே காணலாம். மரப்பட்டையில் நாம் இடும் வெட்டுக்கோடு வழியே பால் ஒழுகி மங்கை அடைகின்றது. பட்டை எங்கும் பரவுவதில்லை. அதுபோல, மின்னேற்றம் பெற்ற துகள்கள் காந்தப் புலத்தின் கோடுகளைப் பற்றிக்கொண்டு, அவற்றைச் சுற்றிச் சுழன்றவாறே செல்லும். கோட்டுக்கு முனை இருந்தால் துகள் அங்கே வெளியேறிவிடும். கோட்டை வளைத்து வளையமாக்கினால், முனையே இல்லாமல் துகள் சுற்றிக்கொண்டேயிருக்கும்.

இவ்வெண்ணத்தில் உருவான வளைய வடிவக் கருவியே டோக்காமாக். சோவியத் அறிவியலாரான தாம், சகாரோவ் இருவரும் 1950களின் தொடக்கத்தில் இதற்கு வழி வகுத்தனர். மெதுவடை போன்ற உட்குழிவான வளையக் கலம் ஒன்றில் காற்றை அகற்றுவர். கலத்தைச் சுற்றிலும் கம்பிச் சுருள்களை அமைத்து மின்சாரம் செலுத்த, வளையத்தின் நெடுகிலும் காந்தப் புலம் தோன்றும். நடுவே நிற்கும் மற்றொரு சுருள், மின்மாற்றி போல் செயற்பட்டு, பிளாஸ்மாவிலேயே மின்னோட்டத்தை எழுப்பும். அம்மின்னோட்டம் பிளாஸ்மாவைச் சூடாக்குவதோடு, காந்தக் கோடுகளைக் கயிற்றுப் புரிபோல் முறுக்கவும் செய்யும். முறுக்கேறிய அக்கூட்டிலிருந்து பிளாஸ்மா எளிதில் நழுவ இயலாது.

காந்திநகரில் ஆதித்யா

இந்தியாவில் குஜராத் மாநிலத்துக் காந்திநகருக்கு அருகே பாட் என்னும் சிற்றூரில் பிளாஸ்மா ஆராய்ச்சி நிலையம் உள்ளது. அது 1986இல் தனி நிலையமாயிற்று. அதன் முதல் இயக்குநர் பேராசிரியர் பிரெதிமன் கிருஷண் காவ். இந்திய நாட்டவரே வடிவமைத்துக் கட்டிய முதல் டோக்காமாக் அங்கு 1989இல் இயங்கத் தொடங்கியது. கதிரவனின் பெயர்களுள் ஒன்றான 'ஆதித்யா' என்பதே அதன் பெயர். வளையத்தின் நடுவிலிருந்து பிளாஸ்மாவின் மையம் வரை 75 சென்டிமீட்டர். பிளாஸ்மாவின் ஆரம் 25 சென்டிமீட்டர். சுற்றிலும் 20 பெரும் காந்தச் சுருள்கள். இது பின்னர் புதுப்பிக்கப்பட்டு, 2016இல் மீண்டும் பிளாஸ்மாவைத் தந்தது. 2013இல் அங்கேயே எஸ்.எஸ்.டி.-1 என்னும் மற்றொரு டோக்காமாக்கும் இயங்கலாயிற்று. அதன் காந்தங்களைத் திரவ ஹீலியத்தால் சுழிக்குக் கீழே 268 பாகை அளவிற்குக் குளிர்விப்பர். அக்குளிரில் மின்சாரம் தடையின்றிப் பாய்கின்றது.

ஒரு சோதனை நடைபெறும் விதம்

டோக்காமாக்கை நாள் முழுதும் எரியும் அடுப்பு என்று எண்ணுதல் கூடாது. அங்கு வேலை பெரும்பாலும் ஆயத்தமே. முதலில் கலத்திலுள்ள காற்றை இறைகுழாய்களால் அகற்றுவர். பின்னர்ச் சுவரில் ஒட்டியுள்ள ஈரத்தையும் அழுக்கையும் சூடேற்றியும் மின்னொளிர்வாலும் நீக்குவர். அழுக்கு மங்கில் பால் கெடுவதுபோல, அழுக்குச் சுவரால் பிளாஸ்மாவும் கெடும். அதன்பின் அனைவரும் இயந்திர அறையைவிட்டு வெளியேறுவர். கட்டுப்பாட்டு அறையிலிருந்து காந்தங்களுக்கு மின்சாரம் ஏற்றப்படும், சிறிதளவு ஹைட்ரஜன் உட்செலுத்தப்படும், பிளாஸ்மா தோன்றும். ஆதித்யாவில் அது நிலைப்பது ஒரு விநாடிக்கும் குறைந்த நேரமே. அக்கண நேரத்தில் அளவுக்கருவிகள் பதிந்தவற்றை ஆராய்ந்து, அடுத்த சோதனைக்குத் திருத்தம் செய்வர்.

மழை பெய்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டுப் பட்டையில் வழிந்து வீணாவதை நாம் அறிவோம். டோக்காமாக்கிலும் சில வேளைகளில் பிளாஸ்மா நிலைகுலைந்து, விநாடியின் ஆயிரத்தில் சில பங்கு நேரத்துக்குள் சுவரில் மோதி அடங்கிவிடும். கருவிக்கு இதனால் சேதம் உண்டாகலாம். ஆனால் ஊரையே அழிக்கும் வெடிப்பு நேராது. உள்ளே இருக்கும் வாயு, வெளிக்காற்றின் அடர்த்தியில் இலட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. கட்டுக் குலைந்தால் இணைவு நின்றுவிடும்; பெருகாது. எனினும் இது தீங்கே இல்லாத தொழில் என்பதும் சரியன்று. எரிபொருளில் ஒன்றான டிரிட்டியம் கதிர்வீச்சுடையது. இணைவில் வெளிப்படும் நியூட்ரான்கள் கலத்தின் சுவரையும் கதிர்வீச்சுடையதாக்கும். அவற்றைக் காக்கும் முறைகள் தேவை.

நம் நாட்டின் பங்கு

கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் லீ சிங் அவர்களும் அவர்தம் குழுவினரும் 1980களில் சிறிய பிளாஸ்மாக் கருவி ஒன்றை உருவாக்கினர். அது டோக்காமாக் அன்று. மின்தேக்கிகளில் சேர்த்த மின்சாரத்தை ஒரே வீச்சில் பாய்ச்சிப் பிளாஸ்மாவை ஒரு புள்ளியில் குவிப்பது அது. குறைந்த செலவில் கட்டத்தக்க அக்கருவியைக் கொண்டு, ஐக்கிய நாட்டுப் பல்கலைக்கழகத்தின் ஆதரவில், பிற வளரும் நாட்டு ஆய்வாளர்களுக்குக் கோலாலம்பூரில் பயிற்சி அளிக்கப்பட்டது. இவ்வழியில் 1988இல் ஆசிய ஆப்பிரிக்கப் பிளாஸ்மாப் பயிற்சிக் கழகம் தோன்றியது. அறிவியலில் நம் நாடு பிறருக்குக் கற்பித்த செய்தி இது. பிள்ளைகளுக்குச் சொல்லத் தக்கது.

இன்று எந்நிலையில் உள்ளது?

இங்கிலாந்திலிருந்த ஜெட் என்னும் டோக்காமாக், 2023ஆம் ஆண்டு தன் இறுதிச் சோதனைகளில், 0.2 மில்லிகிராம் எரிபொருளிலிருந்து 69 மெகாஜூல் ஆற்றலைத் தந்தது. அவ்வளவு ஆற்றலுக்கு ஏறத்தாழ 2 கிலோ நிலக்கரி வேண்டும். பிரான்சிலுள்ள வெஸ்ட் என்னும் கருவி 2025 பிப்ரவரியில் பிளாஸ்மாவை 1,337 விநாடிகள், அதாவது 22 நிமிடங்களுக்கும் மேலாக, நிலைக்கச் செய்தது. எரிபொருள்களுள் ஒன்றான டியூட்டீரியம் ஒரு கன மீட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 33 கிராம் உள்ளது.

இவை மகிழ்ச்சிக்குரியன. ஆயினும், எந்த டோக்காமாக்கும் தான் உண்டதைவிட மிகுதியான ஆற்றலை இதுவரை தந்ததில்லை. இந்தியா உட்பட ஏழு உறுப்பினர் சேர்ந்து பிரான்சில் கட்டிவரும் ஈட்டர் என்னும் பெருங்கருவி அந்த எல்லையைக் கடக்க முயலும். அதன் ஆராய்ச்சிப் பணி 2034இல் தொடங்குமென 2024இல் திட்டமிடப்பட்டது. அதுவும் சோதனைக்கே, மின்சாரம் விற்பதற்கன்று. ஆகவே 'இணைவு மின்சாரம் நாளையே வருகின்றது' என்று சொல்லிப் பணம் கேட்போர் யாரேனும் வரின், நம்பிவிடலாகாது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்

ஈட்டரை உள்ளடக்கி நிற்கும் 3,850 டன் எடையுள்ள எஃகுக் கலம் இந்தியாவின் கொடையாகும். 54 பகுதிகளாகக் குஜராத்தின் ஹசீராவில் செய்யப்பட்டு, கப்பலில் சென்று, பிரான்சில் பற்றவைத்து இணைக்கப்பட்டது. கலத்துள் வெற்றிடம் நிலைக்க வேண்டும். பற்றவைத்த இடத்தில் மயிரிழை ஓட்டை இருப்பினும் பயனில்லை. பேராசிரியர்களின் கணக்கு எத்துணை உயர்ந்ததாயினும், பற்றவைப்பவரின் கைத்திறன் தவறினால் அக்கணக்கு நிற்காது.

எனவே, மூன்றாம் படிவத்திற்குப் பின் எத்துறை என்று தயங்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விரும்புவது இது: கணிதமும் இயற்பியலும் வருமாயின் அவற்றை அச்சத்தால் கைவிட வேண்டா. ஏடு கடினமாயின், பற்றவைப்பு, மின்னியல், குழாய் இணைப்பு ஆகிய தொழிற்கல்வியைத் தாழ்வென்று கருதவும் வேண்டா. நாளைய ஆற்றல் நிலையங்களுக்கு இவ்விரு வகையினரும் தேவை.

பிள்ளைகளிடம் கேட்க:

1. பிளவுக்கும் இணைவுக்கும் என்ன வேறுபாடு?
2. பிளாஸ்மாவை ஏன் சட்டியில் வைக்க இயலாது?
3. பால் வெட்டுக்கோட்டுக்கும் காந்தக் கோட்டுக்கும் உள்ள ஒப்புமை யாது?