விளக்கை விளக்கல்

‘விளக்கு’ என்னும் சொல் பெயராகவும் வினையாகவும் வழங்குதல் மாணவர் அறிந்ததே. பெயராயின் ஒளி தரும் பொருளைக் குறிக்கும்; வினையாயின் துலக்கு, தெளிவாக்கு எனப் பொருள்படும். பல் விளக்கல், பாத்திரம் விளக்கல் என்பன இவ்வினைவழி வந்த வழக்குகள். பெயரும் வினையும் ஒருங்கு கூடும் வேலையொன்றைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். மஞ்சள் படிந்து மங்கிப்போன மோட்டார்க் காரின் முன்விளக்கை வீட்டிலேயே விளக்கிக்கொள்ளும் முறை அது. தமிழாசிரியனுக்கு இவ்வாராய்ச்சி எதற்கு என்று நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். இரவில் வண்டி செலுத்துவார் யாவர்க்கும் இது வேண்டற்பாலது என்பதே என் விடை.

கொழும்பிலிருந்து விழாவுக்கு வரும் பழைய மாணவர் பலர் ஏ 9 வீதியில் இராப்பொழுதிலேயே வருகின்றனர். வன்னிப் பகுதியிலே தெருவிளக்கில்லாத நெடுந்தூரங்கள் உள. மாடுகள் வீதியிற் படுத்திருக்கும். விளக்கில்லாச் சைக்கிளில் வயோதிபர் வருவர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் ஒரு செக்கனில் ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடும். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2018 இல் வெளியிட்ட ஆய்வின்படி, நன்கு மங்கிய முன்விளக்கு புதிய விளக்குத் தரும் ஒளியில் நூற்றுக்கு 20 பங்கு அளவே தருகின்றது. முறையாக விளக்கியவிடத்து அது ஏறக்குறைய 70 பங்குக்கு உயர்ந்ததென்றும் அவ்வாய்வு கூறும். அவ்வேறுபாடு சாரதிக்கு மட்டுமன்றி, எதிரே நடந்து வருபவனுக்கும் உயிர்ப் பிரச்சினையாகும்.

நம்மவர் பேணிவைத்திருக்கும் பழைய ஒஸ்ரின், மொறிஸ் வண்டிகளுக்கு இந்நோய் இல்லை. அவற்றின் விளக்குமுகம் கண்ணாடி. இக்கால வண்டிகளின் விளக்குமுகம் பொலிகாபனேற்று என்னும் பிளாத்திக்கு வகை. 1953 இல் ஜேர்மனியிற் பேயர் கம்பனியைச் சேர்ந்த ஹேர்மன் ஷ்னெல் என்பாரும், அமெரிக்காவில் ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியைச் சேர்ந்த டானியல் பொக்ஸ் என்பாரும் ஒருவரையொருவர் அறியாமலே இதனைக் கண்டனர். 1983 இல் ஐக்கிய அமெரிக்கா விளக்கு விதியைத் தளர்த்திய பின்னர், 1984 ஆம் ஆண்டு மாதிரியான லிங்கன் மார்க் 7 வண்டியில் இத்தகைய முகம் அங்கு அறிமுகமாயிற்று. இலேசானது, கல் பட்டாலும் எளிதில் உடையாது, வேண்டிய வடிவில் வார்க்கலாம் என்னும் நன்மைகளால் அது எங்கும் பரவியது. 2020 முதல் 2025 வரை கார் இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால், நம் நாட்டில் ஓடும் வண்டிகளுட் பல முதுமை எய்தியவை. மங்கிய முகங்களைத் தெருவெங்கும் காண்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்பொருளுக்குக் குறைகள் இரண்டு. கண்ணாடியிலும் மென்மையானதாகலின் எளிதிற் கீறுபடும். வெயிலிலுள்ள கழியூதாக் கதிரை உறிஞ்சி மஞ்சளாகும். ஆகவே தொழிற்சாலையிலேயே அதன்மேல் மெல்லிய, கடினமான பூச்சொன்று இடுகின்றனர். நம் வெயிலில் அப்பூச்சுச் சில ஆண்டுகளில் வெடித்து உரியத் தொடங்க, வெயில் அடியிலுள்ள பொருளையே தாக்குகின்றது. வண்டியை நாடோறும் ஒரே திசையில் நிறுத்துவோர் இரு விளக்குகளையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராயின், வெயிற்பக்கத்து விளக்கே கூடுதலாக மஞ்சளித்திருக்கக் காண்பர். ஆகவே, போனது ஒளி மட்டுமன்று; காவற்றோலும் போயிற்று. தேய்த்து மினுக்குவதோடு வேலை முடிந்ததென எண்ணுவோர் சில மாதங்களிற் பழையபடி மஞ்சளைக் காண்பது இதனாலேயே.

தொடங்குமுன் ஒரு சோதனை செய்க. விளக்கின் மேல் நீர் ஊற்றுக. நனைந்த அளவில் தெளிந்து, உலர்ந்ததும் மங்குமாயின் குற்றம் வெளிப்பரப்பில் உளது. நுண்பள்ளங்களை நீர் நிரப்ப, ஒளி சிதறாது செல்வதே அத்தெளிவின் காரணம். நனைத்தும் வெண்மூட்டம் நீங்காதாயின் அது பெரும்பாலும் உட்புறத்தே ஈரம் புகுந்ததன் விளைவு. வெளியே எவ்வளவு தேய்த்தாலும் பயனில்லை.

சவர்க்கார நீராற் கழுவித் துடைத்தபின், சுற்றியுள்ள வர்ணத்தைக் கடதாசி ஒட்டுநாடாவால் இரண்டு மடிப்பாக மூடுக. இதிற் சோம்பினால் வர்ணம் கெடும். நீரில் நனைத்துப் பாவிக்கும் கறுப்பு அரத்தாளில் 800 ஆம் இலக்கத்தை எடுத்து, நீர் வார்த்தபடியே ஒரே திசையில், கிடையாகத் தேய்க்க. முதலில் மஞ்சட் குழம்பு வழியும். அதுவே பழைய பூச்சு. குழம்பு வெண்மையாகி, உரிந்த திட்டுகளின் ஓரம் முற்றாக மறையும்வரை அடுத்த தாளுக்குச் செல்லற்க. அவசரக்காரர் தவறும் இடம் இதுவே. பின்னர் 1500 ஆம் இலக்கத்தால் மேலிருந்து கீழாகத் தேய்க்க. திசை மாற்றுவதனால் முந்தின கீறல்கள் மறைந்தனவா என்பது கண்ணுக்குப் புலப்படும். அதன்பின் 2000, ஈற்றில் 3000. இந்நிலையில் விளக்கு முன்னிலும் கெட்டதுபோல, பால் தோய்ந்த கண்ணாடியாய்த் தோன்றும். புதியவர் அஞ்சுவர், அஞ்சற்க. மூட்டம் எங்கும் ஒரே சீராக இருப்பின் வேலை சரியே.

பற்பசை பூசினாற் போதுமென்பார் உளர். அதிலுள்ள நுண்துகள் மேலழுக்கைச் சிறிது தேய்க்கும், அவ்வளவே. நுளம்பு விரட்டும் மருந்தைத் தடவுவது தீது. டீற் என்னும் சரக்கு அதிலிருந்தால் அது பிளாத்திக்கின் மேற்பரப்பை இளக்கிப் பொய்ப் பளபளப்புத் தரும். வழிந்தால் வர்ணத்தையும் கெடுக்கும். அசற்றோனை அண்டவே விடலாகாது. அது பட்டால் பொலிகாபனேற்று வெளுத்து வெடிக்கும்.

இனிக் காவற்பூச்சு. துணியாற் பூசும் வகையாயின், முதலில் மெருகுப் பசையால் விளக்கைக் கண்ணாடிபோல் மினுக்கிக்கொள்க. தெளிக்கும் வகையாயின் அம்மினுக்கல் வேண்டா. நுண்கீறல்களைப் பூச்சே நிரப்பும், பிடிப்பும் நன்றாயிருக்கும். எவ்வகையாயினும் கழியூதாத் தடுப்பு உள்ளதா எனக் கேட்டு வாங்குக. பூசுமுன் ஐசோபுரொப்பைல் அற்ககோல் தோய்த்த துணியால் ஒருமுறை துடைத்து உலரவிடுக; பின் கைவிரல் படலாகாது. சோளகம் புழுதி வாரும் நாட்களில் இவ்வேலை ஆகாது. காற்றடங்கிய காலைப்பொழுதில், நிழலில், மெல்லிய படையாக இரண்டு மூன்று முறை பூசி, ஒரு நாளாவது மழை படாமற் காக்க. கடினமாக்கியோடு கலந்து தெளிக்கும் இருபகுதிக் ‘கிளியர் கோட்’ நெடுநாள் நிற்கும். ஆயின் அதில் ஐசோசயனேற்று உண்டு. அதன் ஆவி சுவாசப்பைக்குக் கேடு செய்யும். துணி முகமூடி அதற்குத் தடையாகாது. அதனைப் பயிற்சியுள்ள வர்ணப் பட்டறையாரிடம் விடுவதே தக்கது. மெழுகு மட்டும் பூசுவோர் மாதந்தோறும் பூச ஆயத்தமாயிருத்தல் வேண்டும்.

மங்கலை ஈடுசெய்ய, வழக்கமான 55 உவாற்றுக் குமிழை நீக்கி 100 உவாற்றுக் குமிழ் பூட்டுவோரும் உளர். கரடான முகத்தினூடே கூடிய ஒளி கூடுதலாகச் சிதறி எதிரே வருவோர் கண்ணைக் கூசச்செய்யும். மிகுந்த வெப்பத்தால் உள்ளிருக்கும் தெறிப்பியும் மின்கம்பியும் கெடும். விளக்கிய பின்னரும் ஒளி குன்றியிருப்பின், சுவரொன்றின் முன் வண்டியை நிறுத்தி இரு விளக்குகளையும் ஏற்றிப் பார்க்க. ஒன்று மட்டும் மங்கலாயின் குமிழை மாற்றுக. குமிழ் மாற்றியும் தேறாதாயின் தெறிப்பி கறுத்திருக்கும். அவ்விளக்கை முழுதாக மாற்றுவதன்றி வேறு வழியில்லை.