பழைய பாய்மரப் படகுக்குப் புது வர்ணம்

கட்டபெட்டின் மூடுபனியில் ஈரம் காயாத சன்னலுக்கு வர்ணம் பூசினால் விரைவில் கொப்புளம் எழும். மரப்படகுக்கும் இதே விதிதான். தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளை எண்ணிப் பாருங்கள். கடல்நீரில் கப்பல்புழு மரத்தைத் துளைக்கும். ஓடுடைய கொட்டலசு ஒட்டி வேகத்தைக் குறைக்கும். எனவே வர்ணம் அழகுக்கு மட்டுமன்று, காப்புக்கும் ஆகும்.

படகுக்கு நாமே வர்ணம் பூச, முதலில் அதைக் கரையேற்றி நன்னீரில் கழுவிச் சுரண்ட வேண்டும். பழைய வர்ணத்தூள் நஞ்சாகலாம். நனைத்துத் தேய்ப்பதே நலம். கடும் வெயிலில் பலகை வெடிக்கும், நிழலில் உலர்த்துக. பின்னர் இடுக்குகளில் பஞ்சு அடைத்துக் கலப்பத்துச் செய்து, முதற்பூச்சு இட்டு, நீர்மட்டத்திற்குக் கீழே செம்புச் சேர்மம் கலந்த வர்ணம் பூசுக.

சிப்பி, நத்தை இனங்களைக் கெடுத்த கரிம வெள்ளீய வர்ணங்களைத் தடைசெய்யும் பன்னாட்டு ஒப்பந்தம் 2008-இல் நடைமுறைக்கு வந்தது. படகைக் காக்கும் பூச்சு கடலைக் கெடுத்தல் ஆகாது என்பதும் இத்தொழிலின் பாடமே.