படுக்காத கட்டிலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

உங்கள் வீட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கா? அப்படியென்றால் ஒரு சின்னக் கணக்கு போடுவோம். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். ஆளுக்கு 5 லட்சம் இல்லை, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்துத்தான். உங்களுக்குச் செய்யாத ஆபரேஷனுக்கு யாரோ 80 ஆயிரம் ரூபாய் க்ளைம் வாங்கிவிட்டால், அப்பாவுக்கு நெஞ்சுவலி வரும் நாளில் மிச்சம் இருப்பது 4 லட்சத்து 20 ஆயிரம்தான்.

நஷ்டம் வீட்டோடு நிற்காது. தமிழ்நாட்டில் அரசு காப்பீட்டு நிறுவனத்துக்குப் பிரீமியம் கட்டுகிறது. போலி க்ளைமை முதலில் தாங்குவது அந்த நிறுவனம். ஆனால் அடுத்த ஒப்பந்தத்தில் பழைய க்ளைம் கணக்கைப் பார்த்துத்தான் பிரீமியம் கேட்பார்கள். பட்ஜெட்டில் இடிப்பது அங்கேதான். சில மாநிலங்களில் அரசே அறக்கட்டளை வழியாக நேரடியாகப் பணம் தருகிறது. அங்கே ஒவ்வொரு போலி பில்லும் நேராகக் கஜானாவில் கை வைக்கும்.

இதெல்லாம் கற்பனை இல்லீங்க. ஆயுஷ்மான் பாரத் திட்டம் பற்றிய சிஏஜி அறிக்கை 2023-இல் வெளியானது. முந்தைய சிகிச்சையில் இறந்ததாகப் பதிவானவர்கள் பெயரிலேயே மறுபடி சிகிச்சை நடந்ததாகக் கணக்கு இருந்ததை அது சுட்டிக்காட்டியது.

சட்டம் என்ன செய்யும்? 2024 ஜூலை 1 முதல் பழைய 420-க்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா 318-ஆம் பிரிவு வந்திருக்கிறது. ஏமாற்றிப் பணம் பெற்றால் 7 ஆண்டு வரை சிறை. ஆனால் சிறைத்தண்டனையால் மட்டும் கஜானாவுக்குப் பணம் திரும்பாது. அமெரிக்காவில் 1863-லேயே வந்த பொய் உரிமைகோரல் சட்டம் வேறு மாதிரி. இன்றைய வடிவில், அரசுக்கு ஏற்பட்ட நஷ்டத்தைப் போல மூன்று மடங்கு வசூலிக்கலாம். தகவல் சொல்லி வழக்குப் போட்டவருக்கும் அதில் பங்கு உண்டு.

இருந்தாலும் வழக்கு முடிய வருஷக்கணக்காகும். பணம் போகும் முன்பே தடுப்பதில்தான் பெரிய மிச்சம் என்பது என் கருத்து. அந்த மிச்சம் பட்ஜெட்டில் தனி வரியாகத் தெரியாது, அதனால் பாராட்டும் கிடைக்காது!

டிஸ்சார்ஜ் ஆகும்போது எந்த சிகிச்சைக்கு எவ்வளவு க்ளைம் என்று கேளுங்கள். “கார்டை மட்டும் கொடுங்க, மத்ததை நாங்க பாத்துக்கறோம்” என்று முகாமில் யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள். சந்தேகம் வந்தால் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லுங்கள்.