முட்டு வருத்தம்: வீடு திரும்பும் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

முட்டு, இழுப்பு என்று நாம் சொல்வதைத்தான் கிளினிக் கொப்பியில் ஆஸ்துமா என்று எழுதுகிறார்கள். மூச்சுக் குழாய்களின் உட்புறம் வீங்கி, சுற்றியுள்ள தசை இறுகி, சளியும் சேர்வதால் காற்று வெளியேற வழி குறுகுகிறது. விசில் போன்ற சத்தம் அதனால்தான். இது தொற்று நோயல்ல.

அபூர்வமான வருத்தமும் அல்ல. உலகில் ஏறத்தாழ 30 கோடிப் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. 2005ஆம் ஆண்டில் 255,000 பேர் இதனால் இறந்தார்கள்; பெரும்பாலானோர் வருமானம் குறைந்த நாடுகளைச் சேர்ந்தவர்கள்.

பல வருடம் பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி, பூஞ்சணம், வௌவால் எச்சம் எல்லாம் இருக்கும். துப்புரவு செய்யும் நாளில் முட்டுள்ள பிள்ளையை உறவினர் வீட்டில் விடுங்கள். கூட்டுமுன் தண்ணீர் தெளியுங்கள். வளவில் வெட்டிய பற்றையை எரிக்காமல் குழியில் போட்டு மூடுவது நல்லது. கிணற்றுக்குக் குளோரின் போடும்போதும் பிள்ளை பக்கத்தில் நிற்க வேண்டாம். பழைய தும்பு மெத்தையை மட்டும் திரும்பப் பாவிக்காதீர்கள், எவ்வளவு வெயிலில் போட்டாலும் சரி. கச்சான் காற்றுக் காலத்திலும் மாரியிலும் முட்டு கூடலாம்.

"பம்ப் பழகிவிடும்" என்று பயந்து பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது தவறு. நீலப் பம்ப் (சல்பியூட்டமோல்) இறுக்கத்தை உடனே தளர்த்தும். மண்ணிறப் பம்ப் (பெக்லோமெத்தசோன்) வீக்கத்தைக் குறைக்கும். சுகமாக இருக்கும் நாளிலும் அதை எடுக்க வேண்டும். நோன்பு காலத்தில் அதை ஸஹரிலும் நோன்பு திறந்த பின்னும் எடுக்கலாம். ஆனால் முட்டு வந்தால் நீலப் பம்பை மஃரிப் வரை தள்ளிப்போடாதீர்கள்.

பிள்ளைக்குப் பம்ப் இழுக்கத் தெரியாவிட்டால், கழுவி உலர்த்திய அரை லீற்றர் பிளாஸ்டிக் போத்தலின் அடியில் பம்பின் வாய் அளவுக்குத் துளையிட்டு, இடைவெளியை ஒட்டி அடையுங்கள். பம்பைக் குலுக்கிப் பொருத்தி ஒருமுறை அழுத்த, போத்தல் வாயால் பிள்ளை ஐந்தாறு தரம் மூச்சு விடட்டும். கடையில் விற்கும் குழாயைப் போலவே இது வேலை செய்ததை 1999இல் தென்னாபிரிக்க வைத்தியர்கள் காட்டினார்கள்.

பேச மூச்சுப் போதாமை, விலா இடுக்கு உள்வாங்குதல், உதடு நீலமாதல், சோர்ந்து தூங்குதல் - இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வாழைச்சேனை ஆதார வைத்தியசாலைக்கு உடனே கொண்டுசெல்லுங்கள். வழியிலும் நீலப் பம்பைக் கொடுங்கள். இடம்பெயர்வில் கொப்பி தொலைந்திருந்தால் வெறும் பம்பையாவது காட்டுங்கள்; மருந்தின் பெயர் அதில் இருக்கும்.