டிப்ளமோவுக்குப் பணம் கட்டும் முன்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகள் பி.எஸ்சி. வேதியியல் முடித்துவிட்டாள். ‘குற்றவியல் மற்றும் தடய அறிவியல் டிப்ளமோ’ ஒரு வருஷம் படித்தால் போலீஸ் வேலை, இல்லாவிட்டால் தடய அறிவியல் கூடத்தில் வேலை என்று ஒரு பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள். கட்டணம் 60,000 ரூபாய். நகையை அடகு வைத்துக் கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில்.

முதலில் சம்பளத்தைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் சப்-இன்ஸ்பெக்டரின் தொடக்க அடிப்படை ஊதியம் 36,900 ரூபாய், இரண்டாம் நிலைக் காவலருக்கு 18,200 ரூபாய். சிறைக் காவலருக்கும் தீயணைப்பு வீரருக்கும் அதே 18,200தான். டிப்ளமோ இருந்தாலும் இதில் ஒரு ரூபாய்கூட அதிகமாகாது. சப்-இன்ஸ்பெக்டருக்குக் கேட்கும் படிப்பு ஏதாவது ஒரு பட்டம். காவலருக்குப் பத்தாம் வகுப்பு. இரண்டும் உங்கள் மகளிடம் இன்றைக்கே இருக்கின்றன. சீருடைப் பணியாளர் தேர்வில் சிறப்பு மதிப்பெண் உண்டுதான். ஆனால் அது என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டு ஆகியவற்றுக்குத் தருவது. குற்றவியல் டிப்ளமோவுக்கு அல்ல.

சட்டம் தெரிந்தால் தேர்வு எளிதாகும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். சப்-இன்ஸ்பெக்டர் தேர்வில் பொது ஒதுக்கீட்டில் வருபவர்களுக்குத் தமிழ்த் தகுதித் தேர்வு, பொது அறிவு, உளவியல் இவைதான் பாடம். சட்டக் கேள்விகள் ஏற்கெனவே காவல் துறையில் இருந்துகொண்டு எழுதுகிறவர்களுக்கு. தேர்வானபின் ஊனமாஞ்சேரி காவலர் பயிற்சியகத்தில் ஒரு வருஷம் சட்டமும் புலன்விசாரணையும் தடய அறிவியலும் அரசே சொல்லித்தருகிறது, சம்பளமும் கொடுத்து. அதே பாடத்துக்கு இப்போது நகையை வைத்துப் பணம் கட்டுவானேன்?

தடய அறிவியல் பற்றி அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 176ஆம் பிரிவு, ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் போகவேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம் உண்டு. ஆகவே ஆள் தேவை கூடும். ஆனால் அந்த நிபுணர் ஒரு வருஷ டிப்ளமோக்காரர் அல்ல. சென்னை காமராசர் சாலையில் இருக்கும் தடய அறிவியல் துறைக்கு இளநிலை அறிவியல் அலுவலராகப் போக முதுநிலைப் பட்டம் வேண்டும், டி.என்.பி.எஸ்.சி. தேர்வும் எழுதவேண்டும். 2018இல் விரல்ரேகைப் பிரிவுக்கு சப்-இன்ஸ்பெக்டர்களை எடுத்தபோது கேட்டது அறிவியல் பட்டம். உங்கள் மகள் மூன்று வருஷம் ஆய்வகத்தில் நின்று வாங்கிய அந்த பி.எஸ்சி.தான் அவளுடைய உண்மையான சொத்து. அதைக் குறைத்து மதிப்பிடும்படி யார் பேசினாலும் எனக்குக் கோபம் வருகிறது.

இனி செலவு. வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம் என்று வைத்தால்கூட, வருஷ முடிவில் நகையை மீட்க 67,200 ரூபாய் வேண்டும். இது கண்ணுக்குத் தெரியும் செலவு. தெரியாதது வயது. காவலர் தேர்வுக்குப் பொதுப் பிரிவில் 26 வயது வரைதான். பிற்படுத்தப்பட்டோருக்கும் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 28, பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 31. அறிவிப்பு வருஷம் தவறாமல் வருவதில்லை. டிப்ளமோ வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வருஷத்தில் ஒரு அறிவிப்பைத் தவறவிட்டால், போவது காவலர் அடிப்படை ஊதியக் கணக்கிலேயே வருஷத்துக்கு 2,18,400 ரூபாய்.

இன்னொன்று, இதை இன்றைக்கே செய்யுங்கள். மகளைச் செருப்பில்லாமல், குதிகால் சுவரோடு ஒட்ட நிற்கச் சொல்லுங்கள். தலைமேல் ஒரு அட்டையைக் கிடையாக வைத்துச் சுவரில் பென்சிலால் கோடு போட்டு அளந்து பாருங்கள். பெண்களுக்குக் குறைந்தது 159 செ.மீ. வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 157. ஒரு செ.மீ. குறைந்தாலும் சீருடைப் பணி இல்லை. உயரம் சரியாக இருந்தால் 400 மீட்டரை இரண்டரை நிமிடத்துக்குள் ஓடப் பழகட்டும். பணம் வாங்குகிற எந்த நிலையமும் சேரும்போது உயரத்தை அளப்பதில்லை.

இந்தப் படிப்பே வீண் என்று நான் சொல்லவில்லை. வக்கீல்கள், சமூகப் பணியாளர்கள், ஏற்கெனவே காவல் துறையில் இருப்பவர்கள் போன்றோருக்கு அறிவைக் கூர்மையாக்கும். இக்னோ திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் குற்றவியல் நீதியில் முதுநிலை டிப்ளமோ இருக்கிறது. பட்டதாரிகள் வேலை பார்த்துக்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கலாம். மகளுக்குத் தடய அறிவியலில் உண்மையான ஆசை இருந்தால், எம்.எஸ்சி.க்கு அனுப்புங்கள், செலவு கூடினாலும் அதற்காகக் கடன் வாங்குவதில் நியாயம் இருக்கிறது. குற்றவியலே பிடிக்கும் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் நெல்லை மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் அதற்கென்றே துறைகள் உண்டு.

உங்கள் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தன்னார்வப் பயிலும் வட்டம் இருக்கும். சீருடைப் பணியாளர் தேர்வுக்கு அங்கே பயிற்சி இலவசம். வரும் திங்கட்கிழமை மகளோடு போய்ப் பெயர் கொடுங்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் சகோதரன்