டொராண்டோவில் ஓர் அரண்மனை விருந்தும் நமது கடைச் சிட்டையும்



வெளிநாடு போய் வந்தவர் கட்டுரை எழுதினால் விமானம், பனி, வானளாவிய கட்டிடம் என்று நான்கு பக்கம் ஓடும். அவையெல்லாம் இங்கே வராது. கனடாவில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஒரு மாலை நேரம் பார்த்த வியாபாரத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். மற்றவர்கள் அதை வேடிக்கை என்று பார்த்தார்கள். நாற்பது வருடம் மூட்டைக் கணக்குப் பார்த்த எனக்கு அது கொள்முதல் பாடமாகத் தெரிந்தது.

டொராண்டோ நகரில் ஏரிக்கரையை ஒட்டி எக்ஸிபிஷன் பிளேஸ் என்னும் பொருட்காட்சித் திடல் இருக்கிறது. அங்கே 1912இல் கட்டிய பழைய கட்டிடம் ஒன்றில் 1993 முதல் 'மெடீவல் டைம்ஸ்' என்ற நிறுவனம் விருந்தும் குதிரை விளையாட்டும் சேர்த்து நடத்தி வருகிறது. 'இடைக்காலம்' என்று அந்தப் பெயருக்குப் பொருள். ஐரோப்பாவில் கோட்டையும் கொத்தளமும் இருந்த காலம். நம் கணக்கில் சோழர், பாண்டியர் காலம் என்று வைத்துக்கொள்ளலாம். ஸ்பெயின் தேசத்து மயோர்க்கா தீவில் உல்லாசப் பயணிகளுக்காகத் தொடங்கிய யோசனை இது. 1983இல் அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்துக் கிஸ்ஸிம்மி என்ற ஊரில் முதல் கோட்டையைத் திறந்தார்கள். இன்று அமெரிக்காவில் ஒன்பது, கனடாவில் ஒன்று என்று நடக்கிறது.

நடுவில் மணல் பரப்பிய நீண்ட களம். சுற்றிலும் நமது ஜல்லிக்கட்டு காலரி போலப் படிப்படியாக இருக்கை. ஒவ்வொரு படிக்கும் முன்னால் நீளமாக ஒரு மேசை. மொத்த கூட்டத்தையும் ஆறு நிறமாகப் பிரித்து உட்கார வைக்கிறார்கள். உள்ளே போகும்போதே தலைக்கு ஒரு காகிதக் கிரீடம். எங்களுக்கு மஞ்சள். களத்தில் ஆறு குதிரை வீரர்கள் ஆறு நிறத்தில் வருகிறார்கள். மஞ்சள் வீரன் எங்கள் ஆள். அவனுக்கு நாங்கள் கத்த வேண்டும். வல்லூறு பறக்க விடுகிறார்கள், குதிரைகள் தாளத்துக்கு நடக்கின்றன, பிறகு ஈட்டிப் போட்டி, வாள் சண்டை. முன்பு ராஜா தலைமை தாங்கியதை 2017-18 வாக்கில் மாற்றி இப்போது ராணி அமர்ந்திருக்கிறார். இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிறது.

இதற்கு நடுவிலேயே சாப்பாடு வருகிறது. பூண்டு ரொட்டி, தக்காளி சூப், சுட்ட கோழி, மக்காச்சோளக் கதிர், உருளைக்கிழங்கு, கடைசியில் ஓர் இனிப்புப் பண்டம். அன்று வெள்ளிக்கிழமை. என் வீட்டில் கறி தொட மாட்டார்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தோம். அவர்களுக்குச் சைவத் தட்டு வந்தது. கரண்டி, முள்கரண்டி எதுவும் கிடையாது. அந்தக் காலத்தில் கையால்தான் சாப்பிட்டார்களாம். பக்கத்தில் இருந்த வெள்ளைக்காரக் குடும்பத்துக்கு அதில் ஏகக் கொண்டாட்டம். என் வீட்டில் மெதுவாகக் கேட்டார்கள்: "ஏங்க, கையால சாப்பிடுறதுக்கா மாப்பிள்ளை இம்புட்டுப் பணம் கட்டுனாரு?"

நியாயமான கேள்வி. எங்கள் ஐந்து பேருக்கும் சேர்த்துக் கட்டிய தொகையில் இங்கே ஒரு குடும்பத்துக்கு இரண்டு மூன்று மாத மளிகை வாங்கிவிடலாம். அப்படியிருந்தும் கூட்டம் வருகிறதே, எப்படி என்று யோசித்தேன்.

வியாபாரிகளே, அந்தச் சாப்பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு. எல்லோருக்கும் ஒரே நேரம். பணம் முன்னாலேயே வந்துவிட்டது. இன்று எத்தனை தலை என்பது அடுப்பு மூட்டுவதற்கு முன்பே தெரியும்; அதில் எத்தனை சைவம் என்பதும் தெரியும். ஓட்டல் நடத்தும் நண்பர்களைக் கேளுங்கள்: முப்பது வகைப் பலகாரம் எழுதிப் போட்டு, எது ஓடும், எது நிற்கும் என்று தெரியாமல் மாவரைத்து, ராத்திரி மிச்சத்தைக் கொட்டுவதில்தான் லாபம் கரைகிறது. இவர்களுக்குக் கோழி எண்ணிக்கை, ரொட்டி எண்ணிக்கை, தட்டு எண்ணிக்கை எல்லாம் ஒரே எண். கடன் இல்லை, தேக்கம் இல்லை.

இதில் புதுமை ஒன்றும் இல்லை என்பதும் உண்மை. நம் கல்யாண வீட்டில் சமையல்காரர் வந்து உட்கார்ந்ததும் முதலில் கேட்பது "எத்தனை இலை?" என்பதுதானே! அதற்குப் பிறகுதான் அரிசி எத்தனை மூட்டை, பருப்பு எத்தனை கிலோ என்று சிட்டை எழுதுவார். இந்தக் கம்பெனிக்காரர்கள் கல்யாணப் பந்தியை ஊரார் பணத்தில் நடத்துகிறார்கள், அவ்வளவுதான்.

நிறம் பிரிப்பதில் இன்னொரு சாமர்த்தியம் இருக்கிறது. அரை மணி நேரத்துக்கு முன்னால் யாரென்றே தெரியாத மனிதர்கள் மஞ்சள் வீரனுக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். என் பேரன் பெஞ்சு மேல் ஏறிவிட்டான். சரியாக அந்த நேரத்தில் மஞ்சள் கொடி விற்க ஆள் வருகிறார். வாயிலில் அந்தக் கொடி நூறு இருந்தாலும் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

சரித்திரத்தை மட்டும் அவர்கள் இஷ்டம் போல வளைத்துக்கொள்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு விருந்து என்கிறார்கள். தக்காளி, உருளைக்கிழங்கு, மக்காச்சோளம் மூன்றும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. 1492இல் கொலம்பஸ் போன பிறகுதான் ஐரோப்பாவுக்கே வந்தவை. முண்டு மிளகாய் மண்டிக்காரனான எனக்கு இது சட்டென்று பட்டது. நமது மிளகாயும் அதே கண்டத்திலிருந்து போர்ச்சுகீசியர் மூலம் 16ஆம் நூற்றாண்டில் வந்ததுதான். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்ததே, அதன் பாட்டன் பூட்டனும் கப்பலேறி வந்தவன். பாண்டியர் சமையலில் காரம் என்றால் மிளகுதான். இதை மருமகனிடம் சொன்னேன். "மாமா, இங்க யாரும் அதைப் பார்க்க வரலை" என்றார். சரிதான். வந்தவர்கள் பார்த்தது குதிரையை.

அந்தக் குதிரைகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நம் ராமநாதபுரக் கடற்கரை குறுக்கே வருகிறது. அவை ஸ்பெயின் தேசத்து ஆண்டலூசிய ஜாதிக் குதிரைகள். கம்பெனி அவற்றை வெளியில் வாங்குவதில்லை. டெக்சாஸ் மாநிலத்தில் சொந்தப் பண்ணை வைத்து, குட்டி போட்டு, வளர்த்து, பழக்கிக் களத்துக்கு அனுப்புகிறது. காட்சியே குதிரையை நம்பி இருப்பதால் அதை அடுத்தவன் கையில் விடவில்லை.

இனி நம் பக்கம் வாருங்கள். 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரைப் பாண்டியர்கள் வருடந்தோறும் அரபு, பாரசீகக் கரைகளிலிருந்து குதிரை வாங்கினார்கள். வாசாஃப் என்ற பாரசீக சரித்திர ஆசிரியர் அந்தக் கணக்கை எழுதி வைத்திருக்கிறார். பாரசீக வளைகுடாவில் உள்ள கீஷ் தீவின் அதிபதி ஜமாலுத்தீன் தன் சொந்த லாயத்திலிருந்து வருடம் 1,400 குதிரை அனுப்ப வேண்டும். மற்ற துறைமுகங்களையும் சேர்த்தால் வருடம் 10,000. ஒரு குதிரையின் விலை 220 செம்பொன் தினார். வழியில் கடலில் செத்தாலும் அந்த விலையைப் பாண்டியன் கஜானா கொடுத்தாக வேண்டும் என்பது ஒப்பந்தம்! இறக்குமதி நடந்த துறைமுகங்களின் பொறுப்பு யாரிடம் இருந்தது தெரியுமா? ஜமாலுத்தீனின் சகோதரர் தகியுத்தீனிடம். விற்பவர் அண்ணன் தம்பியில் ஒருவர், வாங்குபவருக்காகச் சரக்கு இறக்குபவர் மற்றொருவர். அந்தத் துறைமுகங்களில் 'ஃபத்தன்' என்று வருவதைக் கீழக்கரைக்குப் பக்கத்துப் பெரியபட்டினமாக அறிஞர்கள் கருதுகிறார்கள். அங்கே பூமியைத் தோண்டினால் இன்றும் பழைய சீனப் பீங்கான் ஓடு கிடைக்கும்.

அதே காலத்தில் வந்த மார்க்கோ போலோ இன்னொரு பக்கத்தைச் சொல்கிறார். ராஜா வருடத்துக்கு 2,000 குதிரைக்கு மேல் வாங்குவார், அவருடைய சகோதரர்களும் அப்படியே. வருடக் கடைசியில் நூறு கூட உயிரோடு இருக்காது. குதிரைக்கு வைத்தியம் பார்க்க இங்கே ஆள் இல்லை. சோறும் கறியும் வேகவைத்துக் கொடுத்தார்களாம்! குதிரை விற்க வந்த வியாபாரிகள் குதிரை வைத்தியன் ஒருவனும் இந்தக் கரைக்கு வந்துவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். வைத்தியன் வந்தால் குதிரை பிழைக்கும், அடுத்த வருட வியாபாரம் படுத்துவிடும் அல்லவா?

மகள் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எனக்கு நம் சில்லறைக் கடைகளின் நினைவுதான். நம் வாடிக்கையாளரின் மாதச் சாமான் சிட்டைதான் நம் குதிரை. முன்பெல்லாம் முதல் தேதி வந்தால் வீட்டுப் பெண்கள் சிட்டை கொடுத்து அனுப்புவார்கள். துவரம் பருப்பு இரண்டு, உளுந்து ஒன்றரை, முண்டு அரை கிலோ என்று எந்த வீட்டுக்கு என்ன என்பது கடைக்காரருக்கு மனப்பாடம். இப்போது அந்தச் சிட்டை செல்போன் வழியாக யாரோ ஒரு கம்பெனியிடம் போகிறது. கடைக்காரரும் தன் கொள்முதலை ஒரு கம்பெனியின் செல்போன் செயலியில் தட்டுகிறார். அவர் கடையில் எது ஓடுகிறது என்பது அவரைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிகிறது. நாளைக்கு அதே தெருவில் கடை போடுவதற்கு அவர்கள் விசாரிக்க வேண்டியதே இல்லை. செயலி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் மண்டியிலும் இருக்கிறது. சிட்டை நம் நோட்டிலும் இருக்க வேண்டும் என்கிறேன்.

நம் கரையில் தலை எண்ணுவது மற்ற ஊரைவிடச் சுலபம், ஒருவகையில் கடினம். மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். விசைப்படகை நம்பிய வீட்டில் அந்த மாதங்களில் என்ன வாங்குவார்கள், என்ன நிறுத்துவார்கள் என்று பாம்பன், மண்டபம் கடைக்காரருக்குத் தெரியும். ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு ராமேஸ்வரத்தில் என்ன ஓடும் என்பதும் தெரியும். 2022 டிசம்பரில் பாம்பன் பாலத்தில் ரயில் நின்று, 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறக்கும் வரை அந்தக் கணக்கெல்லாம் தாறுமாறானது. அந்தக் காலத்தில் யாத்ரீகர் கூட்டத்தை மட்டும் நம்பிச் சரக்கு எடுத்தவர்கள் திணறினார்கள். உள்ளூர் வீட்டுச் சிட்டை கையில் வைத்திருந்த கடைகள் தாக்குப் பிடித்தன.

ஊர் திரும்பியதும் என் மண்டியில் ஓர் ஏற்பாடு செய்தேன். மாதம் 25ஆம் தேதிக்குள் வாடிக்கை வீடுகளின் சிட்டையைக் கூட்டிச் சேர்த்து மொத்தமாகக் கொடுக்கும் கடைக்கு அன்றைய விலை உறுதி. அடுத்த மாதம் ஏறினாலும் பழைய விலைதான். வீட்டுக்காரர் பெயர் எனக்குத் தேவையில்லை, அது கடைக்காரரிடமே இருக்கட்டும். சரக்கின் மொத்த எடை மட்டும் எனக்குப் போதும். இதுவரை ஏழு கடைக்காரர்கள் சேர்ந்திருக்கிறார்கள். அதில் ஒருவர் சிட்டை கொடுக்கும் வீட்டுக்கெல்லாம் கடை பெயர் அச்சிட்ட மஞ்சள் பை கொடுக்கிறார். என்னிடம் கேட்டுச் செய்தது இல்லை, அவராகவே யோசித்தது. தெருவில் இப்போது மஞ்சள் பை வீடு, மற்ற வீடு என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம்.