தண்ணி சுடலையே, ஏன்?



எங்க ஆச்சிக்குக் கையில் சிரங்கு வந்தது. "வீட்டில் எல்லாரும் மருந்து பூசுங்க. போர்வை, தலையணை உறையை 60 டிகிரி சுடுதண்ணியில் துவையுங்க. அப்பத்தான் சிரங்குப் பூச்சி சாகும்" என்று டாக்டர் சொன்னார். எங்க வாஷிங் மெஷினில் 60 வைத்துத்தான் துவைத்தோம். ஆனாலும் மறுபடி அரிப்பு! ஒருநாள் மெஷின் ஓடும்போது கதவுக் கண்ணாடியைத் தொட்டேன். சில்லென்று இருந்தது.

மெக்கானிக் அண்ணாச்சி வந்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஹீட்டரைச் சோதித்தார். அது 2000 வாட்ஸ். நம்ம இயற்பியல் பாடக் கணக்குதான்:

மின்தடை = 230 × 230 ÷ 2000 = சுமார் 26 ஓம்

ஆனால் மீட்டரில் எண்ணே வரவில்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. ஹீட்டரைக் கழற்றினால் மேலெல்லாம் வெள்ளைக் கல்!

கல் எப்படி வந்தது?

தாமிரபரணித் தண்ணியைக் குடிக்க வைத்துக்கொண்டு, துவைக்க போர் தண்ணி ஊற்றுகிறோம். அது கடினநீர். அதிலுள்ள கால்சியம் பைகார்பனேட் சூடானதும் கால்சியம் கார்பனேட்டாக மாறிப் படிகிறது. நம்ம கடல் முத்தும் பெரும்பாலும் இதே பொருள்தான்! சிப்பிக்குள் இருந்தால் முத்து, ஹீட்டரில் இருந்தால் தொல்லை. இந்தப் படிவு சூட்டைத் தண்ணிக்கு விடாது. ஹீட்டர் அளவுக்கு மீறிச் சூடாகி எரிந்துபோகிறது.

எவ்வளவு நேரத்தில் சுட வேண்டும்?

10 லிட்டர் தண்ணி 30-லிருந்து 60 டிகிரிக்கு வர:
10 × 4200 × 30 = 12,60,000 ஜூல்
12,60,000 ÷ 2000 = 630 வினாடி
அதாவது பத்தரை நிமிடம். துணியும் டிரம்மும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். அரைமணி கழித்தும் கண்ணாடி சில்லென்று இருந்தால் கோளாறுதான்.

கவனிக்க வேண்டியவை

1. முதலில் 'கோல்டு' வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.
2. ஹீட்டர் நன்றாக இருந்தால், வெப்பநிலை சென்சாரையும் வயரையும் மெக்கானிக் பார்க்கணும்.
3. சுடத் தொடங்கும்போது ஈ.எல்.சி.பி. விழுந்தால் மின்கசிவு. மெஷினைத் தொடாதீர்கள். மெயினை அணைத்துவிட்டுப் பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.
4. கல் படியாமலிருக்க, கையேட்டில் சொன்னபடி படிவு நீக்கும் பவுடர் போடலாம். அதோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே கூடாது. விஷ வாயு வரும்.
5. நாமாக மெஷினைத் திறக்கக் கூடாது.

புது ஹீட்டர் வரும்வரை அம்மா அண்டாவில் தண்ணி கொதிக்கவைத்துப் போர்வையை முக்கி எடுத்தாங்க. ஆச்சிக்கு இப்போ சுகம். மெஷினில் 60 என்று எரிந்தால் மட்டும் போதாது நண்பர்களே, தண்ணி சுடுதான்னு நாமதான் பார்க்கணும்!